பெரிய வெள்ளியன்று நிற்காத சுரம்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். முத்தியால்பேட்டையில் பதினைந்து வருடமாக ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக். "யாரோ முனகுற மாதிரியே கேக்குது" என்று பயந்துபோய் அழைத்த வீடுகளில் ஸ்டெபிலைசரைக் கழற்றிக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். சத்தம் என்று ஒன்று இருந்தால் அது கிளம்புகிற இடம் என்று ஒன்று இருந்தே தீரும் என்பது என் கட்சி. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் நான் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். பெரிய வியாழன் பூசையோடு எங்கள் கோயிலில் மணி அடிப்பது நின்றுவிடும், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய இரவுப் பூசையில்தான் அத்தனை மணியும் ஒன்றாக மறுபடி அடிக்கும். அந்த மணிகள் ஓயும்வரை கிட்டாரில் ஒரே ஒரு சுரத்தை அறுபடாமல் பிடித்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் என் கிட்டாரில் கம்பியைத் தட்டினால் ஐந்தாறு நொடியில் சுரம் செத்துவிடும். சஸ்டெயின் என்கிறார்களே, அது போதவில்லை. தடித்த கம்பி மாற்றினேன், அதைப் பலகையிலிருந்து உயர்த்திக் கட்டினேன், நண்பனிடம் சுரத்தை நீட்டுகிற ஒரு பெடல் இரவல் வாங்கினேன், பத்து நொடி வந்தது, அவ்வளவுதான். பெரிய வியாழன் ஒத்திகையில், குழுவை நடத்துகிற பெர்னதெத் அக்கா சும்மா இருப்பாரா?

"இன்னாடா இருதயராஜு, மணி அடிச்சு முடிக்கறதுக்குள்ள உன் கிட்டாரு தூங்கிடுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பிடிவாதம் தலைக்கேறிவிட்டது.

மறுநாள் பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் இறந்த நாள். அன்று எங்கள் வீடுகளில் டிவிகூடப் போடமாட்டோம், பாட்டு என்பதே கூடாது. மனைவி ஸ்டெல்லா கோயிலுக்குக் கிளம்பினாள். மகள் ஜெனிக்கு அப்போது ஏழு வயது, காய்ச்சல் விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது, அதனால் நான் வீட்டுக்குக் காவல்.

"ஏங்க, அவ தூங்கட்டும். இன்னிக்கி அந்தக் கிட்டாரத் தொட்டுடாதீங்க, சொல்லிட்டேன்."

"தொடல, நீ போயிட்டு வா."

பத்து நிமிடம் பொறுத்தேன். பாட்டுதானே கூடாது, ஒற்றைச் சுரம் எப்படிப் பாட்டாகும் என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடி ஜெயித்தும்விட்டேன். பட்டப்பகல், மணி இரண்டு. கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பில் சத்தத்தைக் குறைத்து, கிட்டாரை அதன் முகத்துக்கு நேரே ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆம்ப்பிலிருந்து வரும் சத்தமே கம்பியைத் திரும்பத் திரும்ப அதிரவைக்கும், சுரம் நீளும், அதுதான் தந்திரம். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு மூன்றாவது கம்பியைத் தட்டினேன்.

இருபது நொடி, நாற்பது நொடி, ஒரு நிமிடம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போதும் என்று உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்தேன். சுரம் நிற்கவில்லை.

ஆம்ப்பை அணைத்தேன், வயரைப் பிடுங்கினேன், அப்போதும் நிற்கவில்லை. பிரிட்ஜாக இருக்கும் என்று அதையும் அணைத்தேன், கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன். மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன, தெருவிலும் ஓசையில்லை, அந்த அமைதியில் சுரம் இன்னும் தெளிவாகக் கேட்டது, படுக்கையறையிலிருந்து.

ஜெனி பாயில் மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது, உதடு மட்டும் லேசாகப் பிரிந்திருந்தது, சத்தம் அங்கிருந்துதான் வந்தது. என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது.

"ஏய் ஜெனி, போதும், எழுந்திரு."

அப்போதுதான் அவள் நெஞ்சைப் பார்த்தேன். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மூக்கின் கீழே விரலை வைத்தேன், காற்றே இல்லை. நெஞ்சில் கை வைத்தால் பழைய பிரிட்ஜைத் தொட்டதுபோல் உள்ளே ஒரே சீராக நடுங்குகிறது. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தேன். கிட்டாரில் அந்த மூன்றாவது கம்பி தானாக அதிர்ந்துகொண்டிருந்தது.

விரலால் அதை அழுத்தினேன். ஜெனியின் உடம்பு தூக்கிப்போட்டது, குரல் தொண்டையில் சிக்கியது. பதறி விரலை எடுத்தேன், பழையபடி நீண்டது. கம்பி வெட்டுகிற கட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எப்படி வெட்டுவேன்? பிள்ளை உயிரோடு இருப்பதற்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் அடையாளம். அதை நிறுத்தினால் அவளும் நின்றுவிட்டால்? அவ்வளவு பயம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

கடைசியில் கம்பியின் முறுக்காணியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். சுரம் இறங்கியது. கூடவே ஜெனியின் குரலும் இறங்கியது. முதலில் பெரிய பெண்ணின் குரல், பிறகு ஆம்பிளைக் குரல், பிறகு எந்த மனுஷனுக்கும் இல்லாத அடிக்குரல், அதுவும் ஏழு வயதுக் கழுத்திலிருந்து, என் காதோரத்தில். மாதாவே மாதாவே என்று வாய் அரற்ற, கை முறுக்காணியைத் திருப்பிக்கொண்டே இருந்தது. கம்பி தொளதொளவென்று தொங்கியது. எல்லாம் நின்றது.

நான் அழத் தொடங்கிவிட்டேன். அப்புறம்தான் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அந்தச் சின்ன நெஞ்சு கொள்ளுமா என்று நினைக்கும் அளவுக்கு இழுத்துக்கொண்டே போனாள். பிறகு கண்ணைத் திறந்து, "அப்பா, தண்ணி" என்றாள். போனில் ஸ்டாப்வாட்ச் பதின்மூன்று நிமிடம் காட்டியது.

சாயங்காலமே டாக்டரிடம் தூக்கிப்போனேன். விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு இப்படி நடுங்கறீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். ஸ்டெல்லாவிடம் காய்ச்சல் திரும்பியதுபோல் இருந்தது என்று மட்டும் சொன்னேன். ஆம்ப் எரிந்துவிட்டது என்று அக்காவிடம் பொய் சொல்லி, அந்த ஈஸ்டருக்கு வாசிக்கவே இல்லை. கிட்டாரை மூலக்குளத்தில் ஒரு நண்பனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வீட்டில் அது ஒழுங்காக ஐந்தாறு நொடியில் அடங்கிவிடுகிறதாம்.

இப்போது ஜெனிக்குப் பத்து வயது, பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறாள். வேண்டாம் என்று தடுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. "உம்பொண்ணுக்கு இன்னா மூச்சுடா!" என்று அக்கா பூரிக்கிறார். பூசையில் நான் பாட்டைக் கேட்பதில்லை, அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்துப் பார்ப்பேன், பாட்டின் இரண்டாவது வரி முடிவதற்குள் எனக்குத் திணறிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுப் பாட்டு முடிந்தது, அவள் நெஞ்சு அசைந்ததை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏம்பா, பாடும்போது எல்லாரும் எதுக்கு நடுவுல நடுவுல மூச்சு வுடறாங்க?"