சுரண்டப்பட்ட ஓர் எழுத்து

அந்தச் சீட்டு இரண்டு விரல் அகலம் இருக்கும். நீல மையில் நான் எழுதியது. நடுவில் ஓர் எழுத்து சுரண்டப்பட்டு, 'பிரே'யும் 'ம்'மும் மட்டும் தனித்து நின்றன. இன்று காலை அந்தச் சீட்டு ஒட்டிய நாவலை மேசையில் வைத்துவிட்டு மூன்று முறை எழுந்து வாசல்வரை போய்வந்தேன்.

கேரள எல்லையோரம், குன்னத்துகால் பக்கம் எங்கள் வாசகசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆட்களிடம் பேசுவதைவிடப் புத்தக முதுகில் வகை எழுதி ஒட்டுவது எனக்கு எளிது. சரித்திரம், துப்பறிதல், குடும்பம். ஒருநாள் ஓர் அக்கா தான் எழுதிய நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. அதன்பிறகு எங்கள் ஊரில் தங்கை வீட்டோடு இருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒட்டும்போது மட்டும் மனதில் வரவில்லை.

நாவலில், கடலில் காணாமல் போனவன் தினமும் மாலையில் ஈரச்சட்டையோடு வந்து அடுக்களையில் கஞ்சி கேட்பான். மனைவி தவிர யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று 'பிரேதம்' என எழுதினேன். மலையாளத்தில் பிரேதம் என்றால் பேய். எங்கள் பேய்க்கதைத் தட்டுக்கே அந்தப் பெயர்தான். தமிழில் அது பிணம் என்பது கைப்பழக்கத்தில் மறந்துவிட்டது.

அடுத்த வாரம் அக்கா வந்து சீட்டை நெடுநேரம் பார்த்தார்.

"பிரேதம் கிடச்சிருந்தா நான் எதுக்கு மக்கா இத எழுதப்போறேன்?"

சத்தம் உயரவில்லை. இங்கே அதற்கு அர்த்தம் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தாலும் என்ன? பேய் என்றாலும் ஆள் இறந்துவிட்டான் என்றுதானே பொருள். அதற்குள் அவர் நகத்தால் சுரண்டத் தொடங்கிவிட்டார். 'த' உதிர்ந்தது. உள்ளேயிருந்து வந்த பொறுப்பாளர் சார் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எலே, ஒத்த எழுத்தாக்கும் குறை. பிரேமம்னு எழுதிப் போடு."

அக்கா சட்டென்று சிரித்துவிட்டார். "பிரேமமா? அவரு பாத்தா சிரிச்சே செத்துருவாரு சாரே." சொன்னவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "அது அப்பிடியே இருக்கட்டு மக்கா" என்றார். இருந்தது.

போன மாதம் அக்கா இறந்துபோனார். இப்போது புத்தகங்களைக் கணினியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். வகைக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் வராது. பேய் உண்டு, காதல் உண்டு, 'தெரியவில்லை' என்று ஒன்று இல்லை. அக்கா இருந்தால் கேட்டிருப்பேன். கேட்கத் தைரியம் வந்திருக்காது; அவர் வீட்டு வாசல்வரையாவது போயிருப்பேன்.

மற்ற எல்லாப் புத்தகங்களும் ஏறி முடிந்தபோது சாயங்காலம். காதல் என்று தட்டினேன். பிறகு பேனாவை எடுத்து, சுரண்டிய இடத்தில் 'ம' எழுதினேன். தேய்ந்த தாளில் மை பரவியது. அக்காவின் வீட்டுக்காரர் பார்த்தால் சிரிக்கட்டும்.