தோணிக்குள் இருந்த சரை

ஒஸ்லோவில் தண்ணீருக்குக் குறைவில்லை. கடல் இருக்கிறது, ஏரி இருக்கிறது, ஆறு இருக்கிறது. ஆனால் ஒரு விளக்கை மிதக்கவிட இடம் தேடிப் பார்த்தால்தான் தெரியும், ஒன்றும் தோதாக வராது. ஏரிக்குப் போக இரண்டு ரயில் மாற வேண்டும். கடலில் காற்று. ஆற்றங்கரை முழுக்கக் கல்லும் வழுக்கலும். அந்த வருஷம் என் சிநேகிதிக்கு இடம் பிடித்துக் கொடுத்தவள் நான்தான். ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்குக் கீழே ஓடுகிற ஆற்றில், நடைபாலத்துக்குப் பக்கத்தில், குனிந்தால் கைக்குத் தண்ணீர் எட்டும் ஓர் இடம் இருக்கிறது. மூன்று நாள் நடந்து பார்த்துத்தான் அதைத் தெரிந்தெடுத்தேன்.

அவள் தாய்லாந்துக்காரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளமை. பதினெட்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைத்தோம். நான் ஊரில் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் நான் துடைத்த நிலத்தில் இன்னொருவர் திரும்பத் துடைத்தது கிடையாது. அவளும் அப்படித்தான், அதனால்தான் ஒட்டிக்கொண்டோம். இரண்டு பேரும் நோர்வே பாஷையில்தான் கதைப்போம். அவளுடையதும் உடைசல், என்னுடையதும் உடைசல். என்னை ‘அக்கா’ என்று மட்டும் தமிழில் கூப்பிடுவாள்.

அவர்களுக்கு இரண்டு பெரிய நாள். சித்திரையில் தண்ணீர், அது எங்கள் வருஷப்பிறப்போடு சேர்ந்து வரும். அவளுடைய ஊரில் தெருவில் வாளி வாளியாக ஊற்றுவார்களாம். இங்கே சித்திரையில் ஊற்றினால் ஆள் விறைத்துப்போகும், அதனால் ஒரு மண்டபத்துக்குள் சுடுதண்ணீர் கலந்து கையில் மட்டும் வார்ப்பார்கள். மற்றது விளக்கு. நவம்பர் பறுவத்தில், முழுநிலா அன்று, வாழையிலையில் தோணி மாதிரிச் செய்து, பூவும் ஊதுபத்தியும் மெழுகுதிரியும் வைத்துத் தண்ணீரில் விடுவது. சில ஊர்களில் காகிதக் கூடு செய்து வானத்திலும் விடுவார்களாம். “இஞ்சை அதை விட்டா முதல்ல வாறது தீயணைப்பு வண்டிதான், அம்மா,” என்று என் மகள் சொல்லியிருந்தாள்.

நகரத்துக்கு வெளியே அவர்களுடைய புத்த கோயில் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அங்கேதான் போவார்கள், அவளும் ஒவ்வொரு வருஷமும் போவாள். அந்த வருஷம் போகமாட்டேன் என்றாள்.

“ஏன்?”

“எல்லாரும் கேப்பினம் அக்கா. ஏன் மெலிஞ்சாய், ஏன் கழுத்தில சால்வை, எண்டு. நான் ஆருக்கு என்ன சொல்ல?”

கழுத்தில் ஒரு கட்டி. கடலை அளவில் இருந்தது புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அதிலிருந்து சோதனைக்குக் கொஞ்சம் எடுத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு சொல்ல வரச்சொல்லியிருந்தார்கள். பறுவம் சனிக்கிழமை. இடையில் இரண்டு நாள். அவளுக்குப் பயம், எனக்கு அதைவிடப் பயம். என் தமக்கை ஒருத்திக்கு இப்படித்தான் கழுத்தில் தொடங்கினது.

சனிக்கிழமை மத்தியானம் என் குசினியில் வைத்துத் தோணி செய்தோம். குறொன்லாண்டுக் கடைத்தெருவில் வாங்கின வாழையிலை, ஐஸ் பெட்டியில் கிடந்தது. அப்படியே மடித்தால் கிழியும். நான் அடுப்பில் வாட்டி எடுத்தேன். பேக்கரிப் பாணை வட்டமாக வெட்டி அடியில் வைத்தாள் அவள், அதுதான் மிதக்குமாம், மீனும் தின்னுமாம். ஓலைப் பெட்டி பின்னின கைக்கு இலை மடிக்கச் சொல்லித் தரவேண்டுமா? இரண்டாவது மடிப்பிலேயே பிடித்துவிட்டேன்.

“அக்கா, நீங்கள் தாய்லாந்தில பிறந்திருக்க வேணும்,” என்றாள்.

“நீ யாழ்ப்பாணத்தில பிறந்திருந்தா உனக்கு இலை வாட்டத் தெரிஞ்சிருக்கும்,” என்றேன்.

சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போனது. பிறகு செவ்வந்தியை நடுவில் வைத்துவிட்டு, மகனிடமிருந்து போன் வந்து அறைக்குள் போனாள். மகன் துரொண்ட்ஹெய்மில் படிக்கிறான். அவனுக்குக் கட்டியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நல்ல உற்சாகமான குரலில் கதைத்தாள்.

பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது. நேராக்குவோம் என்று தூக்கினேன். அடியில் ஒரு சரை, காகிதத்தில் சுற்றின பொட்டலம், பெருவிரல் அளவு. விரித்துப் பார்த்தால் உள்ளே வெட்டின நகங்களும் ஒரு கொத்துத் தலைமயிரும்.

நகமும் மயிரும் காகிதத்தில் சுற்றி ஒருவர் பொருளுக்குள் ஒளித்து வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செய்வினை. பூவும் மெழுகுதிரியும் எங்கே வாங்கினாள் என்று யோசித்தேன். குறொன்லாண்டில் ஒரு தாய்லாந்துக் கடை, அந்தக் கடைக்காரிக்கும் இவளுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை, கடைக்காரி முகம் கொடாமல் வேலைக்காரியைக் கொண்டுதான் பையில் போடுவித்தாள் என்று காலையில் அவளே சொன்னாள். எல்லாம் எனக்குச் சரியாகப் பொருந்தியது. கட்டி எங்கேயிருந்து வந்தது என்றும் பிடிபட்டது.

அவளுக்குச் சொன்னால் பயந்து சாவாள். சொல்லாமல் தீர்த்துவிடுவதுதான் பெரியவளுக்கு அழகு என்று நினைத்தேன். சரையை உப்போடும் மூன்று செத்தல் மிளகாயோடும் சேர்த்துச் சுற்றினேன். சப்பாத்தும் சரியாகப் போடாமல் கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்பில் குப்பைத் தொட்டி நிலத்துக்குள் இறக்கினது, மேலே இரும்பு வாய் மட்டும்தான் தெரியும். திறந்து போட்டு, மூன்று முறை துப்பிவிட்டு ஏறி வந்தேன். கையை முழங்கை வரை கழுவினேன். அவள் போனை வைத்துவிட்டு வரும்போது பூ நேராக இருந்தது.

நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஆற்றங்கரைக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். அவள் குந்தியிருந்து மெழுகுதிரியைக் கொளுத்தி, தோணியை நெற்றிக்கு உயர்த்தித் தன் பாஷையில் நெடுநேரம் சொன்னாள். பிறகு தண்ணீரில் வைத்து மெல்லத் தள்ளினாள். அது ஒரு கல்லில் தட்டி, திரும்பி, பாலத்துக்குக் கீழே போய் மறைந்தது. நல்ல இடம்தான் பிடித்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

“அக்கா, இப்ப பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு,” என்றாள். “என்ரை நகமும் மயிரும் அதுக்குள்ளை போகுது. உடம்பில இருக்கிற கூடாததெல்லாம் அதோடை போயிடும். அம்மா அப்பிடித்தான் செய்விப்பா. மற்ற வருஷம் நான் விளையாட்டாச் செய்யிறனான். இந்த முறை உண்மையாச் செய்தனான்.”

நான் அவளுடைய சால்வையைச் சரிசெய்து விட்டேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘குளிருது, போவம்’ என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு படுத்தேனே தவிரக் கண் மூடவில்லை. அவளுடைய கூடாததெல்லாம் என் வீட்டு வாசலில், உப்பும் மிளகாயும் சுற்றி, குப்பைக்குள் கிடக்கிறது. நகத்தை ஆற்றில் விட்டால் நோய் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் மிளகாய் சுற்றிப் போட்டால் செய்வினை போகும் என்று நம்பினவள், இதை மட்டும் எந்த வாயால் பொய் என்பது?

ஞாயிறு காலை குப்பைத் தொட்டிக்குப் போனேன். இரும்பு வாய்க்குள் தோள் வரை கையை விட்டேன், ஒன்றும் எட்டவில்லை. குடைக் கம்பியைக் கொண்டுவந்து கிண்டினேன். அந்த நேரம் பார்த்து என் மகள் காரில் வந்து இறங்கினாள்.

“அம்மா! என்ன செய்யிறீங்கள்?”

“ஒண்டுமில்லை. ஒரு சாமான் விழுந்திட்டுது.”

“என்ன சாமான்? வீட்டுத் திறப்போ? காப்போ?”

“நகம்.”

அவள் என் முகத்தையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்களுக்கு விசரே? மேல் வீட்டு ஆக்கள் யன்னலால பாக்கினம். வாங்கோ உள்ளை.”

உள்ளே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “டொக்டர் எடுத்தது எடுத்ததுதானே அம்மா. தோணி போனாலும் போகாட்டியும் பதில் மாறாது. நீங்கள் பேசாமல் இருங்கோ. செவ்வாய்க்கிழமை முடியட்டும்.”

படித்த பிள்ளை, சரியாகத்தான் சொன்னாள். அன்று பகல் முழுக்கப் பேசாமல்தான் இருந்தேன். பின்னேரம் சிநேகிதி போன் எடுத்து, ‘நேற்று நல்ல நித்திரை அக்கா, எத்தினை நாளுக்குப் பிறகு’ என்றாள். சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை கெட்ட முடிவு வந்தால் பிறகு சொல்லவே முடியாது. நல்ல முடிவு வந்தால் சொல்லமாட்டேன், என் குணம் எனக்குத் தெரியும். சொல்வதென்றால் இடையில் இருக்கிற திங்கட்கிழமைதான்.

மிச்சம் இருந்த வாழையிலையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தவுடனே, சப்பாத்துக் கழற்றாமல், நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டேன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகினவள் அல்ல, புருஷனிடமும் கேட்டதில்லை. அதனால் கேட்கத் தெரியாமல், நடந்ததை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கடைக்காரியைச் சந்தேகப்பட்டதையும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது.

“எங்கை போட்டனீங்கள்?”

“குப்பைக்குள்ளை.”

“குப்பைக்குள்ளை.” கழுத்தைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். “மிளகாயோடை?”

“ஓம்.”

“நான் பக்கத்து அறையிலதானே இருந்தனான். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டா என்ன? எப்பவும் உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான். நான் துடைச்ச படியை ரெண்டாந்தரம் துடைப்பீங்கள், நான் காணேல்லை எண்டு நினைச்சோ?”

அது உண்மை. அவள் துடைத்த படியை நான் சில நாள் திரும்பத் துடைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் அதை வாயால் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். ‘அக்கா’ என்ற சொல்லும் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை. நான் இலைக் கட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“எங்கை போறீங்கள்? இலையை ஆர் வாட்டுறது?” என்றாள்.

வாட்டினேன். மடித்தேன். நகம் வெட்டப் போனால் வெட்ட நகம் இல்லை, சனிக்கிழமை ஒட்ட வெட்டியிருந்தாள். கால் நகத்தை வெட்டினாள். மயிரைக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டினாள். பூவுக்கு அடியில் வைக்கும்போது என்னைப் பார்க்கச் சொன்னாள். “நல்லா வடிவாப் பாருங்கோ. இது என்ரை. விளங்குதோ?”

விளங்கியது.

ஆற்றங்கரை ஞாயிறு இரவுக் குளிரில் உறைந்து போயிருந்தது. கரையோரம் கை எட்டாத அகலத்துக்கு ஐஸ். அதனால் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனோம், வெயில் காலத்தில் சனம் குளிக்கிற இடம். ஒரு குருவி இல்லை. அவள் கொளுத்திக் கும்பிட்டு விட்டாள். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தது. திரும்ப விட்டாள். திரும்ப வந்தது, மெழுகுதிரியும் அணைந்தது. மூன்றாம் தரம் தோணியைத் தூக்கிக் கொளுத்தினாள், விடவில்லை. “போகமாட்டன் எண்டுது,” என்றாள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன்.

“அக்கா! என்ன விசர் வேலை! செத்துப் போவீங்கள்!”

அக்கா என்றாள். அதைக் காதில் வாங்கிக்கொண்டே சீலையைத் தூக்கிச் சொருகி இறங்கினேன். குளிர் என்று சொல்ல முடியாது, கத்தியால் வெட்டினது மாதிரி. தோணியை அவள் கையிலிருந்து வாங்கி, முழங்கால் வரை போய், இன்னும் நாலு அடி வைத்து, அலை உடைகிற இடத்துக்கு அப்பால் விட்டுத் தள்ளினேன். சீலை இடுப்புவரை நனைந்தது. தோணி ஆடியது, சரிந்தது, நிமிர்ந்தது. பிறகு பக்கவாட்டில் ஒரு நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. நான் கண்ணெடுக்காமல் நின்றேன். அவள் கரையில் நின்று இரண்டு பாஷையில் ஏசினாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன், தடிமனோடும் காய்ச்சலோடும். நேர்ஸ் எனக்கு ஒரு முகமூடி தந்தாள். டொக்டர் சொன்னதை, கூட வந்த என் மகள் எங்களுக்கு எளிய நோர்வே பாஷையில் திருப்பிச் சொன்னாள்: புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டி இருக்கும். வளருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்க்க வேண்டும்.

வெளியே வந்து அவள் அழுதாள். பிறகு, “எந்தத் தோணி வேலை செய்தது அக்கா, ஆற்றிலயோ கடலிலயோ?” என்று கேட்டாள்.

“ஊசி போட்ட டொக்டர்,” என்றாள் என் மகள்.

அதற்குப் பிறகு மூன்று தரம் பார்த்துவிட்டார்கள், வளரவில்லை. ஒவ்வொரு தரமும் கடிதம் வந்தால் அவள் எனக்குத்தான் முதலில் போன் எடுப்பாள். ஒவ்வொரு தரமும் எனக்கு முந்தின வாரமே சாப்பாடு இறங்காது. அடுத்த தவணை வருகிற மாதம். நான் இன்னும் அந்தக் குப்பைத் தொட்டியில் குப்பை போடுவதில்லை. மற்றப் பக்கத்துத் தொட்டிக்குத்தான் நடக்கிறேன், தூரம்தான், முழங்காலும் நோகிறது.