பிலிம் கழுவுறது

வேலூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் கொஞ்ச காலம் எடுபிடியாக இருந்தேன். மண்டையில் பாடம் ஏறவில்லை, இருட்டறை வேலை ஏறிவிட்டது. அதனால்தான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் முதலாளியின் மகன், என் தோஸ்த், என்னைக் கூப்பிட்டான். அவன் அம்மா இறந்து அதிக நாள் ஆகவில்லை. படுக்கையில் விழுமுன் அவரைப் பெட்டிக் காமிராவில் ஒரே ஒரு படம் எடுத்திருந்தான். வேறு படமே கிடையாது.

"ஸ்டூடியோல குடுத்தா சுளுவா கழுவித் தந்துடுவாங்கடா."

"கோஷால இருந்தவங்க. கண்டவனும் அம்மா மூஞ்சியப் பாக்கணுமா? அப்பா ஒத்துக்க மாட்டாரு. வீட்லயே கழுவலாம், நீ சொல்லிக் குடு."

"நான் மட்டும் இன்னா, உன் சித்தி புள்ளையா?"

"நீயும் பாக்கக் கூடாது. உருவம் வந்தா கண்ண மூடிக்கோ."

எனக்கு அவன் அம்மா என்றால் திரைக்குப் பின்னாலிருந்து "சாப்ட்டுப் போ" என்று சொல்லும் குரல் மட்டும்தான்.

ஜன்னல் இல்லாத சாமான் அறையில் லாந்தருக்குச் சிவப்புத் துணி சுற்றினோம். ஸ்டூடியோவில் தண்ணீரில் ஐஸ் போடுவார்கள். எங்களிடம் சித்திரை மாதத்துக் குடத்துத் தண்ணீர்தான், வெதுவெதுவென்று இருந்தது. அவன் பிலிமை மருந்துத் தட்டில் முக்கி முக்கி எடுத்தான்.

"வருதுடா! கண்ண மூடு."

"மூடிட்டேன். உங்கம்மா என்னிய மொறைக்கிறாங்களா பாரு."

அவன் சிரிக்கவில்லை. "மூஞ்சி கருப்பா இருக்குதே?"

"இதுல எல்லாம் மாறித்தான் தெரியும். ஹைப்போ மருந்துல போட்டு எடுத்து, நல்லா கழுவு."

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

"ஜவ்வு முழுக்க வழிச்சிட்டேன்," என்றான். "கண்ணாடியாட்டம் ஆயிட்டுது. அம்மாவத்தான் காணோம்."

கண்ணைத் திறந்தேன். அவன் கையில் ஒன்றுமில்லாத பிலிம் தொங்கியது. தோலின் உள்பக்கம் கொழகொழவென்று இருக்கும் ஜவ்வை வழித்தெடுப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன். சூட்டில் இளகிய பிலிமும் கைக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது.

"அந்த ஜவ்வுலதான்டா படமே இருந்துது."

"கழுவுன்னுதானேடா சொன்னே?"

வெளியே அவன் அப்பா கதவைத் தட்டினார். "மூஞ்சி நல்லா வந்துச்சா பேட்டா?"

கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டியிருந்த ஜவ்வை லுங்கியில் துடைக்கப் போனவன், துடைக்காமல், அந்தக் கையைத் தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.