ரீஸ் நன்றாக இருக்கக் கூடாத செவ்வாய்க்கிழமை

பர்னி ஊரில் பள்ளிக்கூடக் கேண்டீனில் இறைச்சி வைத்த 'பை' பலகாரம் சுடுகிற கார்மல், மகன் ரீஸுக்கு இருபது வருடமாக ஒரே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஆள் வந்தால் முகத்தைப் பார், நலம் விசாரி, டீ வேண்டுமா என்று கேள். ரீஸுக்கு ஆட்டிசம். பத்தொன்பது வயதில், ஆட்டிசத்துக்குத் தனியாக இருந்து போரடித்ததோ என்னவோ, மனநோயும் துணைக்கு வந்து சேர்ந்தது. இல்லாத ஆட்கள் அவன் காதில் பேசினார்கள். பாடம் எங்கே ஏறும்? தபால்காரர் வந்தாலே குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொள்வான்.

அந்தப் பாடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏறித் தொலைத்தது.

வந்தவள் அரசு உதவித் திட்ட அலுவலகத்து இமோஜன். ரீஸுக்கு ஆட்டிசம் இன்னும் இருக்கிறதா, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதா என்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பிப் பார்ப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். இருந்தால் உதவியாள் செஃபோ வாரம் இரண்டு நாள் வருவான். செஃபோ சமோவாத் தீவுக்காரன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. "கெளம்பு மச்சான், மீனெல்லாம் நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது" என்று அவன் கூப்பிட்டால்தான் ரீஸ் வெளியே வருவான். போன வருடம் அலுவலகம் ஏதோ காகிதம் போதவில்லை என்று செஃபோவை மூன்று மாதம் நிறுத்திவைத்தது. ரீஸ் ஜன்னலில் போர்வையை ஆணியடித்து, சாப்பாட்டை விட்டு, கடைசியில் வெளியூர் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தான். இன்னொரு தடவை செஃபோ நின்றால் என்ன ஆகும் என்று கார்மலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே கதியில் ஒரு மகளை வைத்திருந்த தோழி வெண்டி, முன்தினமே போனில் எச்சரித்திருந்தாள்.

"அவனப் பத்தி ஒரு நல்ல வார்த்த உன் வாயிலேர்ந்து வரக் கூடாதுடி. போன தடவ நான் எம் பொண்ணு அழகா படம் வரைவான்னு சொல்லித் தொலைச்சேன். உதவியாள் வர்ற நேரத்துல நாலு மணி நேரத்த வெட்டிட்டாங்க. இருக்கறதுலயே மோசமான நாளச் சொல்லு. அழுகை வந்தா அடக்காத, நல்லதுதான்."

கார்மல் கேண்டீன் வாசலில் காருக்குள் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பற்றி இரண்டு பக்கம் கோள் எழுதினாள். நடுவில் நாலு இடத்தில் "பாவம்" என்று எழுதி, நாலையும் அடித்தாள்.

இப்போது ரீஸ் தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து நின்றான். இமோஜன் முகத்தைப் பார்த்தான்.

"எப்படி இருக்கீங்க? டீ வேணுமா?"

கார்மல் கைப்பைக்குள் அந்த இரண்டு பக்கத்தைத் தேடினாள்.

"குளிக்க உதவி வேணுமா, ரீஸ்?" என்றாள் இமோஜன், கணினியைத் திறந்தபடி.

"வேணாம்." குளிக்காதவனுக்கு உதவி எதற்கு?

"சமைப்பீங்களா?"

"சமைப்பேன்." தீயணைப்பு வண்டி வந்ததை அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"தனியா வெளிய போவீங்களா?"

"போயிருக்கேன்." போனது நிஜம். போலீஸ் கொண்டுவந்து விட்டதும் நிஜம்.

பதிலுக்கு ஒரு குறியாகக் கணினிப் படிவத்தில் பெட்டிகள் நிறைந்தன. "அருமை. ரொம்ப முன்னேறியிருக்கீங்க," என்றாள் இமோஜன். வேறொரு நாளாக இருந்தால் கார்மல் அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள். இன்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது.

"நீங்க ஏதாவது சொல்லணுமா, கார்மல்?"

கார்மல் காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள். எதிரே வகிடு கோணலாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"எம் பையன்... நல்ல பையன்," என்றாள். காகிதத்தை மறுபடி மடித்தாள்.

ரீஸ் கையை நீட்டினான். "குடும்மா. உன் கிறுக்கல் எனக்குத்தான் புரியும்."

ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி படிக்க ஆரம்பித்தான். "'பதினாலு நாள் குளிக்கவில்லை.' தப்பு. பதினாறு. 'சமையலறையில் சிறு தீ.' சின்னதெல்லாம் இல்ல, ரெண்டு வண்டி வந்துச்சு. 'குரல்கள் சில சமயம் கேட்கும்.' எப்பவும் கேக்கும்மா. இப்பக்கூடக் கேக்குது." இமோஜனிடம் திரும்பினான். "பயப்படாதீங்க, உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல."

இமோஜன் போட்ட குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"செஃபோ வராத மூணு மாசத்த நீ எழுதவே இல்லியேம்மா," என்றான் ரீஸ். "அதான் ரொம்ப மோசம். சாப்பிடாதேன்னு குரல் சொல்லிச்சு. அம்மா என் கதவுக்கு வெளிய தரையிலயே படுத்திருந்தா. முப்பத்தோரு நாள்."

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் கார்மல்.

"கதவு இடுக்குல உன் விரல் தெரிஞ்சுது. எண்ணினேன்."

இமோஜன் அதையும் எழுதிக்கொண்டாள். அதற்கு அவளிடம் பெட்டி இல்லை, ஓரத்தில் எழுதினாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. செஃபோ தொடர்ந்து வரலாம். அடுத்த வருடமும் ஆட்டிசம் நீடித்தால் தக்க சான்றுடன் நிரூபிக்க வேண்டும்.

அன்று மாலை கார்மல் வேலை முடிந்து வந்தபோது ரீஸ் காதில் போனோடு உட்கார்ந்திருந்தான். கடிதத்தில் அவன் பிறந்த தேதி தப்பாம். அலுவலகத்தைக் கூப்பிட்டு, காத்திருப்போருக்குப் போடுகிற இசையை நாற்பது நிமிடமாக ரசித்துக்கொண்டிருக்கிறான். நாட்டிலேயே அதை ரசிக்கிற ஆள் இவன் ஒருவன்தான்.

கார்மலுக்கு உயிரே போய்விட்டது. தானாகப் போன் பேசுகிறான் என்று தெரிந்தால் செஃபோவை வெட்டிவிடுவார்களே.

"வைடா. மொதல்ல போன வை."

ரீஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டான். "பயப்படாதம்மா. நான் நல்லா இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

கார்மல் கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் போனை அவள் காதுக்கும் கொஞ்சம் திருப்பினான். இசை சுமார்தான்.