சாக மறுத்த ஈஸ்ட்

அல்மாட்டியில் ஆப்பிள் மரங்கள் பூத்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும். ரைஹானுக்கு மட்டும் ஈஸ்ட் வாடை ஞாபகம் வந்துவிடும். ஊருக்கு அல்மா-அத்தா என்று பெயர் இருந்த காலத்தில், ஆராய்ச்சிக்கூடத்தில் ஈஸ்ட்டே கதியென்று கிடந்தவள் அவள். அந்த நாட்களுக்காக இன்னும் ஏங்குகிறாள். அதை மறைப்பதும் இல்லை.

அவள் வேலை, தட்டில் பரப்பிய ஈஸ்ட்டைப் புறஊதா விளக்கில் காட்டுவது. அந்த ஒளி டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகளை ஒட்டவைத்துவிடும்; அப்படியே விட்டால் ஈஸ்ட் செத்துவிடும். ஈஸ்ட்டும் லேசுப்பட்டதல்ல. ஒட்டிய இடத்தை வெட்டியெறிந்து புதிதாகத் தைத்துக்கொள்ளும். அதற்கு இன்னொரு வழியும் உண்டு. சாதாரண வெளிச்சம் கொஞ்சம் பட்டால் போதும், ஒட்டியதைப் பிரித்துவிடும். அதனால்தான் விளக்கில் காட்டிய பிறகு கதவை அடைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, மங்கலான சிவப்பு பல்பில் வேலை செய்வார்கள்.

ரைஹானிடம் இருந்தது வெட்டித் தைக்கத் தெரியாத ரகம். இருட்டில் வைத்தால் செத்தே தீரவேண்டும். அது சாகவில்லை. அப்படியானால் யாரும் அறியாத மூன்றாவது வழி ஒன்று இருக்கவேண்டும். ரைஹானின் ஆராய்ச்சிப் பட்டம் முழுக்க அதை நம்பித்தான் நின்றது.

"உன் ஈஸ்ட்டுக்கு யாரு தாயத்து கட்டுனாங்க?" என்று பக்கத்து மேஜை சாபித் சீண்டுவான்.

"உனக்கும் ஒண்ணு கட்டச் சொல்றேன். மூளை வளருதான்னு பாப்போம்."

இருட்டறையில் அவளுக்குத் துணையாக உட்காருபவள் கூடத்தின் தலைவி எம்மா கார்லோவ்னா. போர்க்காலத்தில், வோல்கா ஆற்றங்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மன்காரர்களை எதிரியின் ஆட்கள் என்று அரசாங்கம் சரக்கு ரயிலில் அடைத்து இங்கே கொண்டுவந்தபோது சிறுமியாக வந்து இறங்கியவள். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு வாரம் எம்மா காய்ச்சலில் படுத்தாள். அந்த வாரம் ஈஸ்ட் மொத்தமும் செத்தது. அவள் திரும்பி வந்ததும் மறுபடி பிழைத்தது. மறுநாள் ரைஹான், வழக்கம்போல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராமல், எம்மாவையே கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவை அடைத்த கொஞ்ச நேரத்தில் எம்மாவின் கை தன்பாட்டுக்கு ஜன்னல் துணியை ஓரமாக விலக்கியது. ஜன்னலோரம் அடுக்கிய தட்டுகளின் மேல் நூலாக வெயில் விழுந்தது. எம்மாவோ வெளியே மலையைப் பார்த்தபடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். தன் கை செய்தது அவளுக்கே தெரியாது.

மூன்றாவது வழியும் இல்லை, ஒன்றும் இல்லை. ரைஹான் அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

ஆராய்ச்சிக்கூடத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, தன் ஆராய்ச்சி முடிவு தப்பு என்று சொன்னாள். "ஜன்னல் துணி பழசுங்க. வெளிச்சம் கசிஞ்சிருக்கு."

துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "குளிர்காலம் பூராவும் அதைக்கூடப் பாக்கலையா? இவ்ளோ அலட்சியமான பொண்ணை எதுக்கு வச்சிருக்கீங்க, எம்மா கார்லோவ்னா?"

எம்மா ரைஹானையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் ரைஹான் தலையைக் குனிந்துகொண்டாள்.

"துணி நல்ல துணிதான்," என்று எம்மா எழுந்தாள். "நான்தான் என்னை அறியாம விலக்கியிருக்கேன். நான் வராத வாரம்தானே ஈஸ்ட் செத்துச்சு. கதவை அடைச்சா எனக்கு மூச்சு முட்டும். அந்த ரயில்ல வந்ததுலேர்ந்து அப்படித்தான். என் தங்கச்சி அதுலதான் செத்தா. இந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

ரைஹானுக்கு வேலை தங்கியது. பட்டத்துக்குப் புதிதாக வேறொன்றைத் தொடங்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எம்மா இருட்டறைக்குள் வருவதில்லை. கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் உள்ளேயிருந்து ரைஹான் கேட்டாள்:

"உங்க தங்கச்சி பேரு என்னங்க?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று ரைஹானுக்குப் பதறியது.

"லீஸல்," என்றாள் எம்மா. "சரியான வாயாடி."

பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். தட்டுகளை அலமாரியில் அடுக்கி முடித்த பிறகும் ரைஹான் வெளியே வரவில்லை. கதவைத் திறந்தால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.