பிரகாஷ் வீசிய கார்டு

ஆவடியில் ஒரு கடையில் நடந்த டிரேடிங் கார்டு போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். ஜெயித்த பிரகாஷ் என் முன்னால் ஒரு கார்டை வீசினான். "யாருமே ஆடாத கார்டு மாமே. உனுக்கு கரெக்டா கீது." கடையே சிரித்தது.

எதிராளி கையில் ஏழு கார்டுக்கு மேல் இருந்தால் அத்தனையையும் காலி செய்யும் கார்டு அது. பிரகாஷ் எப்போதும் கை நிறையச் சேர்த்துவைத்து ஆடுபவன். ஆறு மாதம் அதை வைத்தே என் சீட்டுக்கட்டை உருவாக்கினேன்.

அடுத்த போட்டியின் இறுதி ஆட்டத்தில் பிரகாஷுக்கு எதிராக அதை இறக்கினேன். அவன் கை காலி. முகம் சுருங்கட்டும் என்று காத்திருந்தேன். அவனோ கார்டை எடுத்து வரிவரியாகப் படித்தான்.

"செம கார்டு மச்சான்! இத்த யாரு உனுக்கு குடுத்தது?"

ஆறு மாதமாக அந்தப் பகையில் நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன். ஜெயித்தும் எனக்கு இன்னும் ஆறவில்லை.