கீப்பருக்குத்தான் முதல் வெட்டு

சந்தைத் தெருக் கால்பந்து அணியின் இந்த வருஷத்து நிலவரத்தைத் தெரிந்துகொள்ள மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை. சலூன் மாஸ்டரிடம் போய் முடி வெட்டிக்கொண்டால் போதும். அணிக்குப் பயிற்சியாளர் அவர்தான். கழுத்தில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டால் உட்கார்ந்தவன் எழுந்து ஓட முடியாதல்லவா, அந்த தைரியத்தில் கண்ணாடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். போன வருஷம் கோல் அடித்தவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அவன் இடத்துக்கு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ‘மாத்திரை’ வந்திருக்கிறான். நல்ல ஓட்டம், ஆனால் குனிந்த தலை நிமிராமல் ஓடுகிறான்; கோல் கம்பம் எந்தப் பக்கம் என்று யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும். நடு வரிசை தேறும். பின் வரிசை பாறை மாதிரி.

“அப்ப ஞாயித்துக்கிழமை மில்லுக்காரங்களை ஒரு கை பாத்துடலாம்ங்கிறீங்க?” என்று கேட்டார் நாற்காலியில் இருந்த கண்டக்டர். முதல் ஆட்டமே போன வருஷம் கோப்பை வாங்கிய நூல் ஆலை அணியோடுதான்.

“பாக்கலாம்.”

“கோலுக்கு யாரு?”

மாஸ்டர் கத்தரியைக் காதருகே கொண்டுபோனார். “தலையை ஆட்டாதீங்க. காதுல பட்டா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது” என்றார். கண்டக்டர் தலையை ஆட்டவே இல்லை.

அந்த ஒரு கேள்விதான் இரண்டு வாரமாக மாஸ்டரின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கோலில் நிற்பவர் அவருடைய தங்கையின் புருஷன். தரைக்கு டைல்ஸ் போடுவது தொழில். மைதானத்தில் அவருக்குக் ‘கதவு’ என்று பெயர். ஒரு காலத்தில் அந்தக் கதவு சாத்தினால் சாத்தினதுதான். ஆனால் தொழில் முழுக்க முட்டி போட்டுச் செய்வது. ஊரார் வீட்டுத் தரையெல்லாம் வழுவழுப்பாக ஆக ஆக, அவருடைய முட்டி தேய்ந்தது. போன வருஷம் இடது பக்கம் வந்த பந்துகளுக்கு அவர் பாயவில்லை, வழியனுப்பி வைத்தார். “கதவு நல்ல கதவுதான், கீல்தான் போயிடுச்சு” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. சிரித்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் ஏணி வந்து சேர்ந்தான். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். நின்ற இடத்திலிருந்தே மேல் கம்பியைத் தொடுவான். இரண்டு பக்கமும் பாய்வான். ஒரே குறை, வாயைத் திறக்க மாட்டான். தண்ணீர் கேனை வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்து, ஆள் வருவதற்குள் போய்விடுகிற ரகம். கோலில் நிற்பவன் கத்த வேண்டும். பின் வரிசை அவன் குரலைக் கேட்டுத்தான் நகரும். ‘கீப்பர்!’ என்று அவன் கத்தினால் ‘பந்து எனக்கு, விலகு’ என்று அர்த்தம். கதவு கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிற வண்டியெல்லாம் பிரேக் போடும்.

அப்படியென்றால் ஏணியை நிறுத்திவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். மாஸ்டருக்கும் கணக்கு தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஆளுக்குத் தங்கையைக் கொடுத்ததே கோல் பிடிப்பதைப் பார்த்துத்தான். அப்போது மாஸ்டர் வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கால் முறிந்து தகடு வைத்து ஆட்டத்தை விட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். கைக்கு வந்த பந்தை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு விழுகிற மனுஷன், கட்டிக்கொண்டவளையும் நழுவ விடமாட்டான் என்று அவருக்குப் பட்டது. வீட்டில் பேசி முடித்துவிட்டார். அவர் கணக்கு பொய்க்கவில்லை.

“கோல் பிடிக்கிறான்னு பொண்ணு குடுத்தது உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான். இப்ப கோல் விடுறான்னு திருப்பி வாங்கிக்க முடியுமா?” என்று கிண்டல் செய்தாள் மாஸ்டரின் மனைவி.

“விளையாடாதே. நான் எப்படி அவன்கிட்ட சொல்லுவேன்?”

“வாயாலதான். அந்த அண்ணன் தங்கமான மனுஷன். ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு.”

“நினைச்சுக்க மாட்டான். அதுதான் பயமாயிருக்கு. சிரிச்சுட்டுப் போயிடுவான். அப்புறம் தங்கச்சி மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

தங்கை புதன்கிழமை வந்தாள். இரவல் வாங்கிப் போன குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கொடுத்த பிறகும் போகாமல் அண்ணியோடு அது இது என்று பேசிக்கொண்டிருந்தாள். படியிறங்கும்போதுதான் சொன்னாள்.

“அண்ணா, அவரு முட்டிக்கு எண்ணெய் தேச்சுத் தேச்சு என் கையில வாசமே போக மாட்டேங்குது.”

“ரொம்ப வலிக்குதாம்மா?”

“கேட்டா வலிக்கலைங்கிறாரு. வெள்ளிக்கிழமைக்குப் போடச் சட்டை தேய்ச்சு வைக்கச் சொல்லியிருக்காரு.”

 அவள் தெரு திரும்பும்வரை மாஸ்டர் வாசலிலேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை என்றால் சாதாரண வெள்ளிக்கிழமை இல்லை. முதல் ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் சலூனில் வெளியாட்களுக்கு வேலை கிடையாது. அணிக்காரர்கள் எல்லாரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் துணியை உதறி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தால் அவன் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறான். பதினொரு தலை முடிந்ததும் கத்தரியைக் கழுவி வைத்துவிடுவார். மிச்சமிருப்பவர்களுக்கு டீ. யாரையும் ‘நீ இல்லை’ என்று சொல்ல வாய் வராத மனுஷன் தனக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. மற்றவர்கள் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் முதல் வரி, கீப்பருக்குத்தான் முதல் வெட்டு. ஆட்டம் தொடங்கும்போது கடைசியில் நிற்பவனுக்கு இங்கேயாவது முதல் மரியாதை.

அந்த முதல் இடத்தில் இதுவரை கதவைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

அன்று சாயங்காலம் கடை நிரம்பிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரு ஜனம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. ஏணி பெஞ்சின் ஓரத்தில் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தான். கதவை மட்டும் காணோம்.

“வேலை முடிஞ்சு வருவாரு. வெட்ட ஆரம்பிங்க மாஸ்டர்” என்றான் மாத்திரை.

“கீப்பர் உக்காராம எப்படிடா ஆரம்பிக்கிறது?”

யார் அந்தக் கீப்பர் என்று அவருக்கே அந்த நிமிஷம் தெரியாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் ஆட்டம் போகும், கூப்பிடாவிட்டால் மாப்பிள்ளை போவான். துணியை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். அதில் ஒரு முடிகூட இல்லை.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கதவு உள்ளே வந்தார். தேய்த்த சட்டை. தலையில் தொப்பி. “மன்னிக்கணும் மச்சான், கொஞ்சம் லேட்டாயிடுச்சு” என்று தொப்பியைக் கழற்றினார்.

கடையில் சத்தம் நின்றது. யாரோ புரட்டிக்கொண்டிருந்த பேப்பரை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

தலை ஏற்கெனவே வெட்டியிருந்தது.

வெட்டியிருந்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. பின்கழுத்தில் படிக்கட்டு கட்டியிருந்தது. ஒரு கிருதா காதுக்கு மேலே, ஒரு கிருதா காதுக்குக் கீழே. பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை இருக்கிறது, அங்கே அவசரத்துக்கு உட்காருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் எழுந்து வருவார்கள். சலூன்காரரின் தங்கையைக் கட்டியவர் இன்னொரு கடையில் தலையைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

“யாரு வெட்டுனது இது?” என்றார் மாஸ்டர். 

“வழியில ஒரு கடை...”

“கடையா அது? என் கையில என்ன குறை கண்டுட்டே மாப்பிள்ளை? என்ன கோபம்னாலும் வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே. தலையைக் கொண்டுபோய் அவன்கிட்ட குடுப்பியா?”

“கோபமெல்லாம் ஒண்ணுமில்லை மச்சான்.” கதவு பெஞ்சைத் தாண்டிப் போய் அணியில் இடம் கிடைக்காமல் டீ வாங்குகிறவர்கள் நிற்கிற மூலையில் நின்றுகொண்டார். “முடி வளர்ந்து நமநமங்குது, வெட்டிக்கிட்டேன். வெட்டின தலையை மறுபடி எப்படி வெட்டுவீங்க? அதோ அவன் தலையைப் பாருங்க, காடா வளர்ந்து கிடக்கு. கூப்பிடுங்க.”

ஏணியைக் காட்டினார்.

மாஸ்டருக்குப் புரிய இரண்டு மூச்சு பிடித்தது. புரிந்ததும் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையைத் துடைப்பவர் மாதிரி.

“நான் உன்னைத்தான் கூப்பிட இருந்தேன்” என்றார்.

“பொய் சொல்லாதீங்க. நேத்துப் பயிற்சியில பாத்தேனே. நான் கோல்ல நின்னப்ப நீங்க நகத்தைக் கடிச்சுக்கிட்டே நின்னீங்க. அவன் நின்னப்ப கையைக் கட்டிக்கிட்டு, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவரு மாதிரி நின்னீங்க.”

பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பியது, பாதியில் அடங்கியது.

“எனக்கும் ஒரு விஷயம் சொல்லணும்” என்றார் கதவு, கொஞ்சம் குரலை இறக்கி. “இப்பல்லாம் பந்து இந்தப் பக்கம் வராம இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன் மச்சான். அப்படி நிக்கிறவன் கீப்பர் இல்லை.”

 மாஸ்டர் துணியை உதறி, “ஏணி, வாப்பா” என்றார். ஏணி எழுந்தான், நாற்காலியைப் பார்க்காமல் கதவைப் பார்த்தான். “என்னடா பாக்குறே? உக்காரு. உன் உயரத்துக்கு அவரு ஸ்டூல் போட்டுத்தான் வெட்டணும்” என்று அவனை நாற்காலியில் தள்ளினார் கதவு.

பதினொரு தலையும் முடிந்தது. ஆனால் மாஸ்டர் கத்தரியைக் கழுவவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“ஐயோ, நாற்காலியில உக்காந்தா ஆடணும்ல, சட்டம் இருக்கே!” என்றான் மாத்திரை.

“சட்டம் கிடக்கு. இந்தப் பின்கழுத்தோட இவனை வீட்டுக்கு அனுப்பினா என் தங்கச்சி எனக்குச் சோறு போட மாட்டா.”

படிக்கட்டைச் சரிசெய்ய நெடுநேரம் பிடித்தது. கிருதா இரண்டும் ஒரு வழியாக ராசியாயின. தலையை இப்படியும் அப்படியும் திருப்பும்போது மாஸ்டரின் உள்ளங்கை மாப்பிள்ளையின் உச்சியில் தேவைக்கு மேல் கொஞ்சம் தங்கியது. இரண்டு பேருமே கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துப் படிகள் நிறைந்திருந்தன. தங்கை எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பந்து கோல் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வது அவள் பழக்கம். இத்தனை வருஷத்தில் புருஷன் பிடித்த எந்தப் பந்தையும் அவள் பார்த்ததில்லை. இப்போது அவள் பக்கத்தில் அவரே உட்கார்ந்திருந்தார்.

“ஒரு ஆட்டத்தைப் பக்கவாட்டுல இருந்து முழுசா பாக்குறது இதுதான் முதல் தடவை” என்றார்.

“சும்மா உக்காந்து பாருங்க” என்றாள்.

அவர் சும்மா உட்கார்கிறவரா? ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மில்லுக்காரர்கள் இடது ஓரத்தில் பந்தைக் கொண்டுவந்தார்கள். கதவு எழுந்து நின்று, “லெப்ட்டு! லெப்ட்டைப் புடி!” என்று ஒரு கத்து கத்தினார். பாறை மாதிரியான பின் வரிசை நாலு பேரும் பழக்க தோஷத்தில் குரல் வந்த திசைக்குத் திரும்பினார்கள். குரல் கோலிலிருந்து வரவில்லை, படியிலிருந்து வந்தது. நாலு பேரும் படியைப் பார்த்துக்கொண்டு நிற்க, மில்லுக்காரன் நடுவில் நடந்தே போய் அடித்தான். ஏணி பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டான். கார்னர்.

கோட்டருகே மாஸ்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்தார். “மாப்பிள்ளை! நீ எந்தக் கட்சி?”

படி முழுக்கச் சிரித்தது. கதவு மறுபடி வாயைத் திறந்தார். தங்கை எட்டி அவர் வாயைப் பொத்தினாள். எண்ணெய் வாசம் போகாத அந்தக் கை அங்கேயே இருந்தது, அவரும் விலக்கவில்லை.

கார்னர் பந்து மேலே எழும்பியது. பின் வரிசை யார் குரலுக்காகவோ காத்து நின்றது. படியில் ஒரு சத்தமும் இல்லை. மாஸ்டரின் கை வாய்க்குப் போனது.

அப்போது கோல் பக்கமிருந்து, பழகாத தொண்டையில் உடைந்து, பாதி கீச்சென்று, ஒரு குரல் வந்தது.

“கீப்பர்!”

எல்லாரும் விலகினார்கள். ஏணி எழும்பினான். தங்கை அன்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பந்து இரண்டு கைக்குள் அடங்குவதை அப்படியே பார்த்தாள். அவள் உள்ளங்கைக்குள் புருஷனின் உதடு விரிந்தது.

“இப்படித்தான் பிடிப்பீங்களா நீங்களும்?” என்று கேட்டாள்.